மறு: இரைப்பைப் புற்றுநோய்க் கட்டுரை: ‘ஒட்டு மூலக்கூறு’ வேண்டாம், ‘பற்றுப்புரதம்’ வைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

கட்டுரையில் வரும் ‘cell adhesion molecule’ என்பதற்கு, அதாவது செல்களைப் பிடித்துவைக்கும் மூலக்கூறுக்கு, நீங்கள் முன்வைத்த ‘செல் ஒட்டு மூலக்கூறு’ எனக்கு ஒப்பவில்லை. இலக்கணப்படி சரிதான், ஆனால் சொல்லிப் பார்த்தபோது வேறு பொருள் போய்ச் சேர்ந்தது. சித்தப்பாவின் திசு அறிக்கையில் ஈ-கேடெரின் (அப்படிப்பட்ட ஒரு புரதம்) இழப்பு என்று இருந்ததை, அடையாறில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சித்திக்கு விளக்கினேன்: “ஒட்டு மூலக்கூறு குறைஞ்சிருக்கு சித்தி.” அவர் பதறிப்போய், “குடல் ஒட்டிக்கிச்சாப்பா? போன ஆபரேஷன் அப்பவும் அப்படித்தானே சொன்னாங்க” என்றார். ஒட்டாமல் போனதுதான் அங்கே சிக்கலே.

இரைப்பையின் உட்பூச்சில் அடுத்தடுத்த செல்கள் கேடெரினை வெளியே நீட்டி, கால்சியத்தின் துணையோடு ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. உள்ளே கேட்டனின் என்ற வேறு புரதங்கள் அதைச் செல்லின் சட்டகத்தோடு கட்டிவைக்கின்றன. அந்தப் பிடி விட்டுப்போனால் செல்கள் திரண்டு கட்டியாகாமல் தனித்தனியாகச் சுவருக்குள் இறங்கிப் பரவும். இரைப்பைப் புற்றுநோயை 1965இல் லாரன் என்ற நோயியல் அறிஞர் பிரித்த இரண்டு வகைகளில் ‘பரவல் வகை’ இதுதான், எண்டோஸ்கோப்பியில் கட்டி என்று எதுவும் தெரியாமலே போகலாம். நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் ஈ-கேடெரினுக்கான சிடிஎச்1 மரபணுவில் இருந்த பிழை என்று 1998இல் கண்டுபிடித்தார்கள்.

அதனால்தான் ‘பற்று’ என்கிறேன். கொடியின் பற்றுக்கம்பி தாவரவியல் பாடத்திலேயே இருக்கிறது. பற்றியது விடவும் கூடும், அந்த இரண்டு பக்கமும் இந்தச் சொல்லுக்குள் வருகிறது. ‘ஒட்டு’ என்றதும் பசையும் ஒட்டு மாங்கன்றும் ஒட்டுண்ணியும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘பிணைப்பு’ வேதியியலில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. ‘செல் பற்றி’ என்று சுருக்கலாம் என நேற்று ஒருவர் எழுதியிருந்தார், ஆனால் ‘செல் பற்றி ஆய்வு’ என்று ஒரு தலைப்பு வந்தால் யார் சரியாகப் படிப்பார்கள்? பற்று வரவுக் கணக்கோடு குழம்பும் என்ற கவலை வேண்டாம், பின்னால் ‘புரதம்’ வந்ததும் அது தீர்ந்துவிடும், இவை எல்லாம் புரதங்கள்தானே.

அப்புறம், கேடெரின் என்ற பெயரை மாற்ற வேண்டாம். நோயாளியின் கையில் இருக்கும் அறிக்கையில் அந்தப் பெயர்தான் இருக்கும். வகையைச் சொல்ல ‘செல்லிடைப் பற்றுப்புரதம்’ என்று பக்கத்தில் போடலாம். செல்லைத் தன்னைச் சுற்றியுள்ள வலைப்பின்னலோடு பிடித்துவைக்கும் இன்டெக்ரினுக்குத் ‘தளப் பற்றுப்புரதம்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், ‘தளம்’ தட்டையாகப் படுகிறது. வேறு நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள் ஐயா.