வீட்டு வைன்: காற்று எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

டொரண்டோவிலிருந்து

செப்டம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் இத்தாலியர் வீட்டு கராஜ்கள் எல்லாம் திறந்துவிடும். கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ஜின்ஃபாண்டல் திராட்சை பெட்டி பெட்டியாக இறங்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா செய்வதைப் பார்த்துத்தான் நான் வைன் போடப் பழகினேன். அவர் ஈஸ்ட்கூடச் சேர்ப்பதில்லை. தோலில் ஒட்டியிருப்பதே போதும் என்பார். அவர் கைப்பழக்கத்துக்கு அது சரி, புதியவர்களுக்குச் சரிவராது. லால்வின் 71பி போன்ற வைன் ஈஸ்ட் 5 கிராம் பாக்கெட் ஒன்று 23 லிட்டருக்குக் காணும். பழத்தின் புளிப்பையும் கொஞ்சம் தணிக்கும். ரொட்டி ஈஸ்ட் வேண்டாம். அடியில் ஒழுங்காகப் படியாது, வாடையும் போகாது.

நான் வாங்குவது ஒன்டாரியோவில் விளையும் கான்கார்ட் திராட்சை. பெங்களூர்க் கறுப்புத் திராட்சையின் வாசம் அப்படியே இருக்கும், இரண்டும் ஒரே அமெரிக்கக் கொடியின் வழிவந்தவை. புளிப்பு அதிகம், இனிப்பு போதாது; அதனால் சர்க்கரை சேர்க்கவேண்டும். லிட்டருக்கு 17 கிராம் சேர்த்தால் ஆல்கஹால் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடும். கண்ணளவில் கொட்டாதீர்கள், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அதன் அளவு இறங்கும். தொடக்கத்தில் சாற்றில் அது 1.090 காட்டினால் கடைசியில் 12 சதவீதத்தை ஒட்டி வரும்.

முதல் வாரம் அகலமான வாளி, மேலே துணி. அவ்வளவுதான். தோலெல்லாம் பால் ஏடு போல மேலே திரண்டு நிற்கும். காலையும் மாலையும் அதைக் கரண்டியால் அமுக்கிவிட வேண்டும். அமுக்கும்போது கீழிருந்து குபுகுபுவென்று நுரை ஏறும், காதை வைத்தால் சொர்ரென்ற சத்தம் கேட்கும். இந்தக் கட்டத்தில் ஈஸ்ட் பெருகக் காற்று தேவை.

ஹைட்ரோமீட்டர் அளவு 1.010 பக்கம் இறங்கியதும் கதை மாறிவிடும். பிழிந்து, கார்பாய் எனும் குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடி ஜாடியில் கழுத்து வரை நிரப்பி, வாயுவை வெளியே மட்டும் விடும் மூடியான ஏர்லாக்கைப் பொருத்திவிடுங்கள். இனி காற்றுதான் எதிரி. காற்று பட்டால் ஒரு வகை பாக்டீரியா ஆல்கஹாலை வினிகராக்கிவிடும், பழ ஈக்களே அதைச் சுமந்துகொண்டு வரும். "என்னுடையது புளித்துப்போச்சு" என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பாதி காலியான ஜாடியில்தான் வைத்திருப்பார்கள். அடியில் மண்டி தங்கத் தங்க, ரப்பர் குழாயால் தெளிவை மட்டும் சத்தமில்லாமல் வேறு ஜாடிக்கு இறக்கவேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று கலந்துவிடும்.

குளிர்காலத்தில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ மின்னினால் பயப்படாதீர்கள். திராட்சையின் டார்டாரிக் அமில உப்பு குளிரில் படிகமாவதுதான் அது.

பெரம்பூரிலிருந்து

அண்ணே, நான் வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ஆங்கிலோ-இந்திய ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு வைன் போடுவார். ஏர்லாக்கும் கிடையாது, மீட்டரும் கிடையாது. ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியில் பன்னீர் திராட்சை, அதே எடைக்குச் சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. வாயைத் துணியால் கட்டி, தினமும் ஒரே நேரத்தில் மரக்கரண்டியால் கிளறுவார். 21-ஆம் நாள் வடிகட்டுவார். நீங்கள் சொல்வதைப் படித்ததும்தான் அது ஏன் கெடவில்லை என்று புரிகிறது. அவ்வளவு சர்க்கரையையும் ஈஸ்ட்டால் தின்று தீர்க்கமுடியாது, அதனால் தேனாய் இனிக்கும். அதோடு, பிளம் கேக் தீரும் முன்பே வைன் தீர்ந்துவிடும்! கெட்டுப்போக அதற்கு நேரமே இருந்ததில்லை.

இங்கே இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன் கீழ் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குத்தானே என்று சொல்லித் தப்பமுடியாது.

லண்டனிலிருந்து

இங்கே ஆகஸ்டில் பாதையோரமெல்லாம் பிளாக்பெர்ரி. காசில்லாமல் கிடைக்கிறதே என்று என் மச்சான் வைன் போட்டார். காற்று படக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதையே பிடித்துக்கொண்டு, நுரை அடங்கியதும் பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடிவிட்டார். நொதித்தல் முடியவே இல்லை, வாயு உள்ளேயே அடைபட்டுவிட்டது. நள்ளிரவில் டமாரென்று ஒரு சத்தம், அடுத்து இன்னொன்று. மாடிப்படிக்குக் கீழே சுவரெல்லாம் ஊதா நிறம். அக்கா அதைத் துடைக்கவிடாமல் விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது மச்சான் மறுபடி ஆரம்பிக்கிறார். மாமியோ "கண் போயிடும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அது உண்மையா?

டொரண்டோவிலிருந்து

இல்லை. பார்வையைப் போக்கும் விஷ ஆல்கஹாலான மெத்தனால், நொதிக்கும் பழத்தில் உருவாவது மிகமிகச் சொற்பம், அதனால் கண்ணுக்கு ஆபத்தில்லை. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர் போனது சாராயத்தில் மெத்தனால் கலந்ததால். மாமியின் பயம் அங்கிருந்து வந்திருக்கும்.

மச்சானிடம் சொல்லுங்கள்: நுரை அடங்குவதை நம்பவேண்டாம். ஹைட்ரோமீட்டர் 0.995 பக்கம் வந்து, ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால்தான் பாட்டில். அதுவரை ஏர்லாக்கே இருக்கட்டும், உள்ளே இருக்கும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.