ட்விட்ச் சாட்டை இசட்என்சி வழியா வீசாட்ல எடுக்க முடியல, யாராவது பாத்து சொல்லுங்க

ராத்திரி_ஆந்தை:
வீட்ல ஒரு பழைய ராஸ்பெர்ரி பைல (குட்டி கம்ப்யூட்டர்) இசட்என்சி ஓடுது, அதாவது நான் இல்லாதப்பவும் ஐஆர்சில (பழைய டெக்ஸ்ட் சாட் முறை) கனெக்ட் ஆகியே இருந்து சாட்ட சேத்து வெக்கற இடைத்தரகு ப்ரோகிராம். லிபெரா சாட்ங்கற ஐஆர்சி நெட்வொர்க்குக்கு ரெண்டு வருஷமா அதான், ஒரு பிரச்சனையும் இல்ல. இப்ப ட்விட்ச் (லைவ் ஸ்ட்ரீம் சைட்) சாட்டையும் ஐஆர்சி வழியா அதுலயே இழுத்துக்கலாம்னு புதுசா ஒரு நெட்வொர்க் போட்டேன். வீசாட்ல (நான் சாட் படிக்கற ஐஆர்சி ஆப்) பாஸ்வேர்ட் இடத்துல ஓஆத் டோக்கன (ட்விட்ச் குடுக்கற லாகின் சாவி) குடுத்தா இசட்என்சியே உள்ள விடல, சரினு இசட்என்சி பாஸ்வேர்ட குடுத்தா அது விடுது ஆனா ட்விட்ச் பக்கம் கனெக்ட் ஆகி ஆகி கட் ஆகுது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதே கூத்துதான்.

பழைய_மோடம்:
டோக்கன வீசாட்ல போடவே கூடாது ப்ரோ. வீசாட் பேசறது இசட்என்சி கிட்ட, அதுக்கு யூசர் பேர், ஸ்லாஷ், நெட்வொர்க் பேர், கோலன், இசட்என்சி பாஸ்வேர்ட், அவ்ளோதான். ட்விட்ச் கிட்ட பேசறது இசட்என்சி, அதனால டோக்கன் அந்த நெட்வொர்க்கோட சர்வர் லைன்ல பாஸ்வேர்டா போகணும், டோக்கனுக்கு முன்னாடி வர்ற "ஓஆத் கோலன்" போட மறந்துறாதீங்க. போர்ட்டுக்கு முன்னாடி பிளஸ் போட்டு 6697 குடுங்க, 6667லயும் போகும் ஆனா டோக்கன் என்க்ரிப்ட் ஆகாம அப்படியே அம்மணமா போகும். நிக் (சாட்ல உங்க பேர்), சேனல் பேர் எல்லாம் சின்ன எழுத்து.

ராத்திரி_ஆந்தை:
அண்ணே வந்துருச்சு!! சர்வர் லைன்ல டோக்கன போட்டதும் உடனே உள்ள போயிருச்சு. ஆனா நிக் லிஸ்ட்ல நான் மட்டும் தனியா உக்காந்திருக்கேன், சாட்டு என்னவோ ஓடுது.

பழைய_மோடம்:
யார் உள்ள வந்தா, போனான்னு சொல்ற ஜாயின், பார்ட் மெசேஜ ட்விட்ச் தானா அனுப்பாது, மெம்பர்ஷிப் கேப்ங்கற கூடுதல் வசதிய நாமதான் கேக்கணும். இசட்என்சில பெர்ஃபார்ம் மாட்யூல (கனெக்ட் ஆனதும் கமாண்ட் அனுப்பறது) லோட் பண்ணி, அந்த வசதிய கேக்கற கேப் ரெக் லைன அதுல சேத்துட்டா ஒவ்வொரு தடவ கனெக்ட் ஆகும்போதும் இசட்என்சியே கேட்டுக்கும். பெரிய சேனல்ல அப்பவும் லிஸ்ட் முழுசா வராது.

கீபோர்ட்_காளி:
நீங்க சேனல் மாடரேட்டர்னா ஒண்ணு சொல்லிடறேன், பேன் டைம்அவுட் கமாண்ட் எதுவும் இதுல வேலை செய்யாது, 2023 பிப்ரவரியிலயே ஐஆர்சி பக்கம் எடுத்துட்டாங்க, இப்ப ஏபிஐதான் (ப்ரோகிராம்கள் ட்விட்ச் கிட்ட நேரா பேசற வழி). அது தெரியாம ஒரு ஸ்பேம் பயல பேன் பண்றேன்னு பத்து தடவ அடிச்சவன் நான். அப்புறம் இசட்என்சி பஃபர் (நீங்க இல்லாதப்ப அது சேத்து வெக்கற சாட்) டீஃபால்ட் 50 லைன்தான், பெரிய ஸ்ட்ரீம்ல அது டீ போட போயிட்டு வரதுக்குள்ள காலி, அந்த சேனலுக்கு மட்டும் ஏத்திக்கோங்க.

ராத்திரி_ஆந்தை:
500 வெச்சாச்சு. நேத்து தூங்கினப்ப ஓடின சாட்டு இப்ப படிச்சிட்டிருக்கேன், பாதிக்கு மேல வெறும் எமோட் பேருதான்.