பூங்கா மதிலோரம் ஆறடி மண்: பேவர் பிளாக்கா, புல் வாய்க்காலா?

மாத்தூர்வாசி:

வணக்கம். மாதவரம் தாண்டி மாத்தூரில் எங்கள் நகர் நலச்சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் குறுக்குத் தெரு 120 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். ஒரு பக்கம் முழுக்க வீடுகள், எதிர்ப்பக்கம் பூங்கா மதில். மதிலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஆறடி அகலத்துக்கு மண் சும்மா கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். மழை விட்ட பிறகும் வடிவதற்கு ஒரு நாள் ஆகும். தெருமுனையில் மாநகராட்சியின் மழைநீர் வடிகால் இருக்கிறது, ஆனால் எங்கள் தண்ணீர் அதில் போய்ச் சேர வழியில்லை.

சங்கத்தில் இரண்டு கட்சி. ஆறடியையும் பேவர் பிளாக் போட்டு மூடிவிட்டால் வண்டி நிறுத்தலாம் என்பது ஒரு கட்சி. சிமெண்ட் போடாமல் ஆழம் குறைந்த வாய்க்கால் வெட்டிப் புல் வளர்க்கலாம், ஸ்வேல் என்கிறார்களே, அதைச் செய்யலாம் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கொசு வருமா? நம்ம பக்கத்து மண் தண்ணீரைக் குடிக்குமா? வடசென்னையில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய வண்ணை:

மேடம், கோவிச்சுக்காதீங்க. கான்கிரீட் கால்வாயையே தூர்வார ஆள் கிடைக்காத ஊர் இது. முதல் மாதம் புல் இருக்கும். அடுத்த மாதம் பிளாஸ்டிக் டம்ளர், கட்டட ரப்பிஷ், அப்புறம் ஒரு பழைய சோபா. மிச்சம் இருக்கிற புல்லை மாடு பார்த்துக்கொள்ளும். பேவர் பிளாக் கட்சிக்கே ஓட்டுப் போடுங்கள்.

லெவல் பார்க்கிறவன்:

வண்ணை அண்ணன் சொன்ன சோபாவை நானும் பார்த்திருக்கிறேன், கொடுங்கையூர் பக்கம். அதற்காக மண்ணை மூடச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. மழைநீர் வடிகால் வேலையில் சைட் சூப்பர்வைசராகப் பல வருடம் இந்தப் பக்கமே சுற்றியவன் நான்.

அக்கா, புல்லைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் லெவல். மண் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டீர்கள். ஆடியில் நன்றாகக் குடிக்கும். கார்த்திகையில் குடிக்காது. அடைமழை நாலு நாள் பெய்தால் நம்ம பக்கம் நிலத்தடி நீர் அப்படியே மேலே வந்துவிடும். இரண்டடி தோண்டினால் பள்ளத்தில் ஊற்று வரும். அந்த நேரத்தில் புல் வாய்க்காலுக்குத் தண்ணீரை வேகம் தணித்து வெளியே கொண்டுபோய் விடுவது மட்டும்தான் வேலை. ஆகவே வெளியே போகும் வாசல் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி.

அளவு சொல்கிறேன். புல் வாய்க்காலின் கரை செங்குத்தாக இருக்கக் கூடாது. ஓர் அடி ஆழத்துக்கு மூன்றடி சாய்வு வேண்டும், அப்போதுதான் மண் சரியாது, புல்லும் வெட்டலாம். உங்களிடம் இருப்பது ஆறடி. இரண்டு கரைக்கும் இரண்டிரண்டு அடி போனால் அடித்தளம் இரண்டடி, ஆழம் எட்டு அங்குலம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. எட்டு அங்குலமா என்று சங்கத்தில் சிரிப்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: உங்கள் தெரு 840 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ரோட்டில் மட்டும் 21,000 லிட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி ஏறக்குறைய இரண்டு. எட்டு அங்குல வாய்க்கால் தலையிலிருந்து முனை வரை நிரம்பினால் கிட்டத்தட்ட 30,000 லிட்டருக்கு இடம் இருக்கிறது. சரிவில் அது ஓடிக்கொண்டே இருக்கும், தேக்கி வைக்கிற கணக்கு இல்லை. ஆனால் ரோட்டில் நிற்கிற தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடைத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததே, அந்த மாதிரி மழைக்கு இது பதில் இல்லை. அன்றைக்குப் பக்கிங்காம் கால்வாயே நிரம்பி நிற்கும்போது நம்ம தெருத் தண்ணீர் எங்கே போகும்?

மாடித் தண்ணீரை இதில் விடாதீர்கள். 2003-லிருந்து வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தத் தொட்டிகளில் எத்தனை தூர்ந்து கிடக்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து பாருங்கள். அதைச் சுத்தம் செய்தாலே தெருவுக்கு வரும் தண்ணீர் குறையும்.

கொசுவுக்குப் பதில்: முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்று நாளில் வாய்க்கால் காய்ந்துவிட்டால் கொசு இல்லை. காயவில்லை என்றால் லெவல் தப்பு. ஒன்று மட்டும் கண்டிப்பு. எந்த வீட்டிலிருந்தாவது வாஷிங் மெஷின் பைப்போ செப்டிக் வழிசலோ அதில் விழுந்தால் அது சாக்கடை. புல் வாய்க்கால் மண்ணையும் டயர் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு பிடிக்கும், மணலி ரோட்டில் டிரெய்லர் ஓடுகிற நமக்கு அது பெரிய விஷயம். மலக்கிருமியைப் பிடிக்காது.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், எதிர்ப்பக்கம் மதில். வீட்டுப் பக்கமாக இருந்தால் கேட்டுக்குக் கேட் சாய்தளம், அதன் அடியில் பைப், அந்தப் பைப்பில் அடைப்பு என்று போயிருக்கும்.

வீட்டில் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) இருக்கும் மேஸ்திரி யாரையாவது பிடித்துத் தெருத் தலைப்புக்கும் முனைக்கும் எவ்வளவு இறக்கம், வடிகாலின் தரை ரோட்டிலிருந்து எத்தனை அடி கீழே என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மாத்தூர்வாசி:

பார்த்தாயிற்று அண்ணா. தலைப்பிலிருந்து முனைக்கு ஒன்றரை அடி இறக்கம். வடிகாலின் தரை ரோட்டிலிருந்து மூன்றடிக்குக் கொஞ்சம் மேல். கடப்பாரையால் இரண்டடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினோம். மேலே ஓரடி மணல் கலந்த மண், கீழே கறுப்புக் களி. சாயங்காலம் ஊற்றியது மறுநாள் காலையிலும் பாதி நின்றது.

லெவல் பார்க்கிறவன்:

நல்ல வேலை செய்தீர்கள். நூற்றுக்கு ஒன்று சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். அதற்கு உங்கள் நீளத்தில் நாலடி இறக்கம் வேண்டும், வடசென்னையில் அதற்கு எங்கே போவது? இருப்பது ஒன்றரை அடி, அடியில் களி. ஆகவே அடியில் வடிகுழாய் போட்டே ஆக வேண்டும். அடித்தளத்துக்குக் கீழே ஒன்றரை அடி பள்ளம், 20 எம்.எம். ஜல்லி, நடுவில் நாலு அங்குலத் துளைக் குழாய், சுற்றி ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி), மேலே மணல் கலந்த மண். துணி இல்லாமல் போட்டால் களி ஏறி ஜல்லி அடைத்துவிடும். குழாயின் முனை ரோட்டிலிருந்து இரண்டேகால் அடி ஆழத்தில் வரும், வடிகால் தரை அதற்கும் கீழே. பொருந்துகிறது. முனையில் எதிர்த் தண்ணீர் ஏறாமல் ஒரு ஃபிளாப் மூடி. வடிகால் நிரம்பி ஓடும் இரவில் அது இல்லை என்றால் ஊர்த் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வரும்.

சரிவு குறைவு என்பதால், வேகம் தணிக்க வாய்க்காலின் குறுக்கே வைக்கும் தடுப்பு நிறைய வேண்டாம். 25 மீட்டருக்கு ஒன்று, நாலு அங்குல உயரத்தில் கருங்கல் அடுக்கினால் போதும்.

ரோட்டிலிருந்து தண்ணீர் இறங்கும் இடத்தை மறக்காதீர்கள். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். ரோட்டு விளிம்பில் கர்ப் கல் (ஓரக்கல்) வைத்தால் பத்தடிக்கு ஒரு திறப்பு. புல்லின் மட்டம் தார் விளிம்பைவிட இரண்டு அங்குலம் கீழே இருக்கட்டும். சமமாக வைத்தால் ஒரே பருவத்தில் மண் படிந்து, அதன் மேல் புல் ஏறி, ரோட்டோரம் ஒரு வரப்பு உருவாகிவிடும். பச்சைப் பசேலென்று வாய்க்கால் காய்ந்து கிடக்கும், பக்கத்திலேயே ரோட்டில் தண்ணீர் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் காண்டிராக்டர் இப்படி முடித்துவிட்டு பில் வாங்கிப் போனார்.

செடிக்கடை:

மாதவரத்தில் நர்சரி வைத்திருக்கிறேன். விலை உயர்ந்த லான் புல் வாங்காதீர்கள், நிழலில் வளர்த்த பட்டுப்புல் ஒரு வெள்ளத்தில் அழுகும். அருகம்புல் போதும், வெயில், உப்பு, வெள்ளம் மூன்றையும் தாங்கும், மாடு மேய்ந்தாலும் திரும்ப வரும். தண்ணீர் இறங்கும் வாய்களிலும் கல் தடுப்புக்குப் பின்னாலும் வெட்டிவேர். அதன் வேர் நேராகக் கீழே போகும், மண்ணைப் பிடிக்கும். இடையில் பொடுதலை தானாகவே வரும், பிடுங்க வேண்டாம். கல்வாழை அழகுக்கு வைக்கிறேன் என்பார்கள், இரண்டு வருடத்தில் வாயையே அடைத்துவிடும். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை கிடைக்கும்போது நடுங்கள், ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் முதல் பெருமழையிலேயே மண்ணோடு போகும்.

பழைய வண்ணை:

சரி, புல்லுக்கு ஒத்துக்கொள்கிறேன். லோடு ஆட்டோ ஏற்றி நிறுத்துவானே, அதற்கு என்ன செய்வீர்கள்?

லெவல் பார்க்கிறவன்:

ரோடு போடும்போது பிடுங்கிய பழைய கருங்கல் கர்ப் கற்கள் எங்கேயும் கிடைக்கும். ஐந்தடிக்கு ஒன்றாக நட்டுவிடுங்கள். ஒரு முறை சக்கரம் ஏறி மண் இறுகினால் அந்த இடம் தண்ணீர் குடிக்காது, பிறகு கொத்திவிட வேண்டும். ரோடு திரும்பப் போடும்போது பழைய தாரை மில்லிங் செய்து, அதாவது சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பதையும் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

மாத்தூர்வாசி:

வடிகாலில் துளை நாங்களே போட்டுக்கொள்ளலாமா? மனுவில் பைப் என்ன அளவு என்று எழுத?

லெவல் பார்க்கிறவன்:

கைவைக்காதீர்கள் அக்கா. மண்ணும் வடிகாலும் மாநகராட்சியுடையது, மண்டல அலுவலக இன்ஜினியர் வந்து பார்த்துத்தான் இணைப்பு. ஈபி கேபிளும் மெட்ரோ வாட்டர் லைனும் எங்கே போகிறது என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். மனுவில் இரண்டு குழாய் எழுதுங்கள். அடிக்குழாய் நாலு அங்குலம். வாய்க்காலின் கடைசியில் கிராதி போட்ட ஒரு தொட்டி கட்டி, மேலே வழியும் தண்ணீருக்கு 12 அங்குலம். என்ன சொன்னாலும் சில வீடுகளின் மாடித் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும், அதனால் ஆறு அங்குலம் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.