பை கிழிச்சதும் கண்ட மங்குஸ்தான் வேர்

(கொழும்புப் பக்கம் மூண்டு இடத்தில இருக்கிற மூண்டு பேர் கதைச்சது; பேருக்குப் பதிலா இடம்.)

வெள்ளவத்தை:
9 அங்குலக் கன்று, நாலு சோடி இலை. பையைக் கிழிச்சா ஆணிவேர் அடியில ரெண்டு சுத்து சுத்திக் கிடக்கு. நேராக்குவம் எண்டு விரல் வைச்சதும் ‘டக்’. அந்தச் சத்தம் இன்னும் காதில நிக்குது. பத்து நாளில இலை முழுக்கச் செம்பு நிறம். பக்கவேர் குறைஞ்ச சாதி, ஆணிவேர் போனா தண்ணி இழுக்க வழியில்லை. பை வெறும் 6 அங்குல உயரம், பிழை அங்கதான்.

தெஹிவளை:
இங்க முளைக்கவே இல்லை. 5 விதை, கழுவிக் கடதாசியில 4 நாள் காயவிட்டது. நகத்தால கீறினா உள்ளுக்கு மண்ணிறம். காய்ஞ்சா செத்துப்போற விதை இது. சதையைத் துடைச்சு அண்டைக்கே ஊண்டோணும், இல்லாட்டி ஈரத் தேங்காய்த் தும்புத்தூளில வைக்கோணும். 1 கிராமுக்குக் குறைஞ்ச விதையை எறியுங்கோ, முளைச்சாலும் நோஞ்சான்தான். இந்தக் கரைச்சலுக்கு ஒட்டுக்கன்றே வாங்கலாம்.

கொட்டாஞ்சேனை:
ஒட்டா? ஏன்? மங்குஸ்தான் விதை மகரந்தம் சேராமலே உண்டாகிறது, அதனால கன்று தாயை அப்படியே உரிச்சு வைக்கும். ஒட்டினா காய்ப்பு கொஞ்சம் முந்தும், ஆனா மரம் கட்டையா நிண்டிடும். றம்புட்டான்தான் மறுபக்கம், விதைக்கன்று தாயைப்போல வருமெண்டு நம்பேலாது. றம்புட்டானுக்குப் பேர்போன மல்வானை ஊர்ப் பழம் நல்லா இருக்கெண்டு விதை போட்டு வளர்த்த மரம் ஒண்டு இங்க நிக்குது. வருசாவருசம் பூ, ஒரு காயில்லை. ஆண் மரம்.

ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்றன். றம்புட்டான் விதைக்கன்று பென்சில் மொத்தம் வந்ததும் அரும்பொட்டு வையுங்கோ, அதாவது நல்ல மரத்து அரும்பைப் பட்டையோட எடுத்து இதில ஒட்டுறது. தாய்க்கொப்பில ரெண்டு கிழமை முந்தியே இலையை வெட்டிவிட்டா, காம்படியில அரும்பு பொம்மும். பட்டை வழுக்கிக் கழரோணும்; ஒட்டிக்கொண்டு நிண்டா அண்டைக்கு விடுங்கோ, மழை பெய்ஞ்ச பிறகு பார்க்கலாம். கீழயிருந்து மேல பொலித்தீன் நாடா சுத்துங்கோ, தண்ணி இறங்கக் கூடாது. 3 கிழமையில அவிழ்த்து, அரும்பு பச்சையா இருந்தா மட்டும் மேல்தண்டை வெட்டோணும். தும்புத்தூளை மூண்டு தரம் அலசாமல் கலக்காதேங்கோ, உப்பு இலை நுனியைக் கருக்கும். கடற்கரைக் கிணத்துத் தண்ணியும் அப்பிடித்தான்.

வெள்ளவத்தை:
அண்ணை, றம்புட்டான் ஆர் கேட்டது? இனி ஒரு கன்றில வேர் இப்பிடிச் சுத்திக் கிடந்தா என்ன செய்யிறது?

கொட்டாஞ்சேனை:
இழுக்கவே கூடாது தங்கச்சி. புது பிளேட்டால பையின்ர அடி ஒரு அங்குலத்தை, சுத்தோட சேர்த்து வெட்டுங்கோ. பிறகு பையோடயே குழியில இறக்கி, பக்கத்தைக் கீறி உருவோணும், மண்கட்டி உடையாது. இலையில பாதியைக் கத்தரியுங்கோ. முதல் ரெண்டு மூண்டு வருசம் பாதி நிழல். பிழைச்சா பிழைக்கும்.

தெஹிவளை:
அடுத்த முறை 14 அங்குலப் பையில விதையை நேரா ஊண்டுங்கோ, இந்த வெட்டே தேவைப்படாது. ஒட்டு விசயத்தில அண்ணை சொன்னது எனக்குச் சரியாப் படேல்லை. மொட்டைமாடித் தொட்டிக்குக் கட்டை மரம்தானே வேணும்?