கார்பன் தேதி பார்க்க நாலு கரித்துண்டு மாதிரிகள்தான் அனுப்ப முடியும்: எந்த அடுக்கிலிருந்து எடுப்பது, எப்படி எடுப்பது?

கிருதுமால் கரை எழுதியது:

வணக்கம். மதுரைக்குத் தெற்கே, கிருதுமால் ஓரமாக, கரிசல் தொடங்கும் இடத்தில் அனுமதி பெற்று நடக்கும் ஓர் அகழாய்வில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கிறேன். குழியின் ஆழம் இப்போது 310 செ.மீ. மேலே 40 செ.மீ. உழுத மண். அதற்குக் கீழே பழுப்புக் களிமண், அதில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள். கன்னிமண்ணை (மனிதர் கைபடாத இயற்கை மண்ணை) இன்னும் தொடவில்லை. வடகிழக்கு மூலையில் ஓர் உறைகிணறு (சுடுமண் வளையங்களை அடுக்கிய கிணறு) மேலடுக்கிலிருந்து கீழே இறங்குகிறது. பக்கத்தில் தென்னந்தோப்பு, வரப்பெல்லாம் சீமைக் கருவேலம்.

கரித்துண்டு பல இடங்களில் கிடைக்கிறது. நிதியோ கார்பன்-14 (உயிர் போனபின் சீராகக் குறையும் கார்பன் வகை) வைத்துத் தேதி பார்க்க நாலு மாதிரிக்குத்தான் காணும். நாலையும் ஆகக் கீழிருந்தே அனுப்பு, பழைய தேதி வரட்டும் என்கிறார் நெறியாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் காரணம் சொல்லி வாதாடத் தெரியவில்லை. எதை எடுப்பது, எப்படி எடுத்துக் கட்டி அனுப்புவது? கி.மு. 800–400 காலத்துக்கு கார்பன் தேதி துல்லியமாக வராது என்கிறார்களே, அது உண்மையா?

---

அடுக்குமண் எழுதியது:

முதலில் அந்த உறைகிணற்றைப் பாருங்கள். அதன் உள்ளே நிரம்பிய மண் 280 செ.மீ. ஆழத்தில் இருந்தாலும், கிணறு கைவிடப்பட்ட பிறகு விழுந்த மண்தான் அது. பக்கத்திலேயே அதே ஆழத்தில் இருக்கும் களிமண் பல நூறு ஆண்டு மூத்ததாக இருக்கலாம். உறைக்கு வெளியே, கிணறு தோண்டியபோது வெட்டிய குழிக்கும் உறைக்கும் நடுவே திணித்த மண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். குழிச் சுவரைக் கரணையால் சுத்தமாகச் சீவி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெட்டுக்கோடு நிற வேறுபாடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து குறைந்தது ஓரடி தள்ளி இருக்கும் கரியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஆழம் என்பது வயது இல்லை. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிக்கு கி.மு. 580 என்று தேதி வந்ததை 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது. அதிலிருந்து நம் பக்கத்தில் எல்லாரும் செ.மீ. கணக்கையே பேசுகிறார்கள். ஆனால் ஒரு தேதியை எடைபோடுகிறவர் கேட்பது அடுக்கு எண், அந்த அடுக்கின் தன்மை, அதோடு கிடைத்த பொருள்கள். கீழடியை முதலில் அகழ்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி மத்தியத் தொல்லியல் துறை 2025-இல் எழுதிய கடிதத்திலும் ஆழத்தோடு அடுக்கு எண்ணும் வேண்டும் என்பது ஒரு கேள்வியாக இருந்தது. அதெல்லாம் அறிக்கையிலேயே இருக்கிறது என்பது அவர் பதில். யார் பக்கம் நின்றாலும் சரி, உங்கள் குறிப்பேட்டில் அடுக்கு எண்ணும், நிலையான ஒரு மட்டக்குறியிலிருந்து அளந்த ஆழமும் இரண்டும் இருக்க வேண்டும். தரை மட்டத்திலிருந்து அளந்தால் அடுத்த மழைக்குத் தரையே மாறிவிடும்.

எந்தக் கரி? அடுப்புக்குள் கிடப்பது, தரை பூசிய மண்ணின் மேல் எரிந்த இடத்திலேயே கிடப்பது, மூடிய தாழிக்குள் இருப்பது: இந்த மூன்றும் முதல் தரம். அடுக்கு மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கரியைக் கடைசியாகப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கரிசல் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பங்குனி, சித்திரையில் நிலம் பிளக்கும்போது மேல்மண் அந்த வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடும். எலி வளையும் அதே வேலையைச் செய்யும். நிறம் மாறிய, கை வைத்தால் பொலபொலவென உதிரும் மண் இருந்தால் அங்கே எடுக்கவே வேண்டாம்.

நாலு மாதிரி என்றால் என் கணக்கு இது: கன்னிமண்ணுக்கு நேர் மேலே ஒன்று, நடு அடுக்கில் இரண்டு, உறைகிணறு வெட்டத் தொடங்கிய அடுக்கில் ஒன்று. நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே சுவரில், வெட்டுப்படாத வரிசையில் அமைய வேண்டும்.

---

கரிமம்14 எழுதியது:

எடுக்கும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன்.

எஃகு இடுக்கி, சுத்தமான கரணை, தூள் பூசாத கையுறை. துண்டைப் படம் எடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்த பிறகு, அலுமினியத் தாளில் நேரடியாக வையுங்கள். அந்தப் பொட்டலத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்கு வெளியே எழுதுங்கள். பஞ்சு, டிஷ்யூ தாள், செய்தித்தாள், காகிதச் சீட்டு எதுவும் கரியைத் தொடக்கூடாது. அவை அத்தனையும் இன்றைய கார்பன். உதிர்கிறதே என்று பசையோ, பானை ஓட்டுக்குப் பூசும் கெட்டிப்படுத்தும் திரவமோ போட்டால் மாதிரி வீண். அந்தப் பசைகள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை, அவற்றில் கார்பன்-14 சுத்தமாக இல்லை. தேதி பொய்யாக மூப்பாகிவிடும்.

ஈரமாக இருந்தால் அன்றே உலர்த்துங்கள். தாளை அரைகுறையாகத் திறந்து வைத்து 40–50 டிகிரி அடுப்பில் ஓர் இரவு போதும். ஈரத்தோடு பையை மூடி வாரக்கணக்கில் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எவ்வளவு எடை? ஆக்சிலரேட்டர் முறைக்கு (கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முறை) முடிவில் வேண்டியது ஒரு மில்லிகிராம் அளவு கார்பன்தான். ஆனால் ஆய்வகம் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு, மறுபடி அமிலம் என்று மூன்று முறை கழுவும். முதல் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். நம்மூர் மண்ணில் சுக்கான்கல் ஏராளம், அதனால் இது முக்கியம். காரம் மண்ணிலிருந்து ஊறிய மட்குப் பொருளை எடுக்கும். கடைசி அமிலம், காரக் கரைசல் காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட கரியமில வாயுவை நீக்கும். இதில் பாதிக்கு மேல் கரைந்து போவது சகஜம். நல்ல துண்டாக 50 மில்லிகிராம் அனுப்பினால் கவலையில்லை. முழுவதையும் அனுப்பாதீர்கள், முடிந்தால் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கலப்படம் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு நெறியாளரிடம் காட்ட ஒரு கணக்கு. உண்மையில் 2,500 ஆண்டு வயதுள்ள கரியில் 1% இன்றைய கார்பன் கலந்தால் தேதி சுமார் 30 ஆண்டு இளமையாகும். 10% கலந்தால் சுமார் 290 ஆண்டு. மாறாக, கார்பன்-14 இல்லாத பழைய கார்பன் 1% கலந்தால் எந்த வயது மாதிரியும் 80 ஆண்டு மூப்பாகும், 5% கலந்தால் 400 ஆண்டுக்கு மேல். ஒரு தென்னை வேர்த் துணுக்கு துண்டுக்குள் நுழைந்திருந்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழ் வைத்து வேர்முடியை ஒவ்வொன்றாக எடுத்த பிறகே கட்டுங்கள்.

சீமைக் கருவேலம் என்றீர்களே, பக்கத்தில் எப்போதாவது கரிமூட்டம் போட்டிருக்கிறார்களா என்று ஊரில் விசாரியுங்கள். மூட்டக்கரி உழவில் புரண்டு மேலடுக்கில் கலந்திருக்கும், பார்வைக்கு வேறுபாடே தெரியாது. 1950-களுக்குப் பின் வளர்ந்த மரமாக இருந்தால் அணுகுண்டுச் சோதனைகளால் உயர்ந்த கார்பன்-14 அதில் இருக்கும். முடிவே 1950-இன் அளவில் 100 விழுக்காட்டுக்கு மேல் வந்து காட்டிக் கொடுத்துவிடும், ஆனால் அதற்குள் உங்கள் நாலில் ஒரு மாதிரி போய்விட்டிருக்கும்.

---

நெல்மணி எழுதியது:

மேலே இருவரும் கரித்துண்டைப் பற்றியே பேசுகிறார்கள். நான் கருகிய தானியத்தைச் சொல்வேன். கரி ஒரு பெரிய மரத்தின் உள் வைரத்திலிருந்து வந்திருந்தால், அந்த வளையம் உருவான ஆண்டைத்தான் தேதி காட்டும், அடுப்பு எரிந்த ஆண்டை அல்ல. பழைய உத்தரத்தை விறகாக்கியிருந்தால் இடைவெளி நூறு, இருநூறு ஆண்டுகூடப் போகும். நெல்லோ, வரகோ, சாமையோ ஒரே பருவத்தில் வளர்ந்து ஒரே ஆண்டில் கருகியது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லை அனுப்பித்தான் கி.மு. 1155 என்ற தேதியை எடுத்தார்கள்.

தானியம் வேண்டுமென்றால் மண்ணை மிதக்கவிட்டுத்தான் எடுக்க முடியும். ஓர் அடுக்குக்கு 20 லிட்டர் மண், வாளியால் அளந்து எழுதி வையுங்கள். ட்ரம்மில் தண்ணீர் விட்டு மண்ணை மெல்லக் கரைத்து, மேலே மிதப்பதை 0.3 மி.மீ. சல்லடையில் வடியுங்கள். அடியில் தங்குவதை 1 மி.மீ. சல்லடையில் அலசுங்கள். களிமண் கட்டியாக இருந்தால் ஓர் இரவு ஊறட்டும், கையால் பிசைந்தால் தானியம் நொறுங்கும். வெயிலில் காயவைக்காமல் நிழலில் பரப்புங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் சல்லடையைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் முந்தைய அடுக்கின் மணி இதில் வந்து சேரும்.

வடித்ததில் மிளகாய் விதை, நிலக்கடலைத் தோல், சீமைக் கருவேல விதை ஏதாவது கண்ணில் பட்டால் அந்த அடுக்கை நம்பாதீர்கள். மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, 1500-க்கு முன் இங்கே இருக்க வாய்ப்பில்லை. கருகாத விதை எதுவானாலும் இந்தக் காலத்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுதாகக் கருகிய ஒரு நெல்மணி 10 மில்லிகிராம் வரை வரும், ஆக்சிலரேட்டருக்கு அது போதும். அனுப்பும் முன் என்ன தானியம் என்று அடையாளம் கண்டு, அளவுகோலோடு படம் எடுத்து, எடை போடுங்கள். எரித்த பிறகு திரும்பப் பார்க்க எதுவும் மிஞ்சாது. தானியமே இல்லையென்றால் சுள்ளி, பட்டையோடு இருக்கும் மெல்லிய கிளைக் கரி.

---

கிருதுமால் கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நாலில் இரண்டுக்கு அடுப்புச் சாம்பலிலிருந்து தானியம் கிடைக்கும் என்று நம்புகிறேன். 800–400 கேள்வி பாக்கி. முடிவு 2450±30 என்று வந்தால் 1950-ஐக் கழித்து கி.மு. 500 என்று எழுதலாமா? அதோடு, கூடுதல் பணம் கட்டி ±15 கேட்டால் உதவுமா?

---

கரிமம்14 எழுதியது:

எழுதக்கூடாது. 2450 என்பது கார்பன் வயது, நாள்காட்டி வயது இல்லை. காற்றிலிருந்த கார்பன்-14 அளவு காலத்துக்குக் காலம் மாறியதால் மரவளையங்களை வைத்து உருவாக்கிய அளவுத்திருத்தக் கோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். இப்போது வடகோளத்துக்குப் பயன்படுவது 2020-இல் வந்த இன்ட்கால்20. கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவே அந்தக் கோடு ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது. ஹால்ஷ்டாட் சமதளம் என்று அதற்குப் பெயர். அங்கே 2450±30 என்பதை வைத்தால் 95% நம்பகத்துக்கு கி.மு. 750 முதல் 410 வரை விரிந்துவிடும். 2600±30 வந்திருந்தால் கோடு செங்குத்தாக இறங்கும் இடம், 60, 70 ஆண்டுக்குள் முடிந்திருக்கும். படுத்த கோட்டில் ±15 வாங்கியும் பெரிய பயன் இல்லை. அந்தப் பணத்தில் இன்னொரு மாதிரி அனுப்புங்கள்.

நெறியாளரிடம் சொல்ல வேண்டிய காரணம் இதுதான். நாலையும் அடியிலிருந்தே எடுத்து நாலும் சமதளத்தில் விழுந்தால், நாலும் அதே 350 ஆண்டு வீச்சைத்தான் சொல்லும். அடுக்கு வரிசையில் எடுத்தால் கீழே உள்ளது மூத்தது, மேலே உள்ளது இளையது என்ற தகவல் உங்கள் கையில் இருக்கிறது. ஆக்ஸ்கால் என்ற அளவுத்திருத்த மென்பொருளில் நாலையும் வரிசையாகக் கொடுத்தால் அது வீச்சைச் சுருக்கும். மேல் மாதிரி 2200 அளவில், சமதளத்துக்கு வெளியே வந்தால் ஒரு முனை உறுதியாகக் கட்டப்படும். வரிசைக்கு ஒத்துவராத தேதி ஒன்று வந்தால் அதையும் அட்டவணையில் போட்டு, ஏன் ஒதுக்கினீர்கள் என்று எழுதுங்கள். பிடிக்காத தேதியை மறைத்துப் பிடித்த தேதியை மட்டும் வெளியிடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தமிழகத் தொல்லியல் மேல் இத்தனை கண்கள் இருக்கும் இந்த நேரத்தில் அது எல்லாருடைய உழைப்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

அட்டவணையில் ஆய்வக எண், பொருள், அடுக்கு, கார்பன் வயதும் பிழையும், டெல்டா-13சி (கார்பன்-13, கார்பன்-12 விகிதம்), எந்தக் கோடு, எந்த மென்பொருள் பதிப்பு, 68%, 95% வீச்சுகள் எல்லாம் வேண்டும். நடு எண்ணை மட்டும் தலைப்பில் போடாதீர்கள்.

---

அடுக்குமண் எழுதியது:

ஒரு சேர்க்கை. இரும்பு பற்றிய அறிக்கையில் கி.மு. 3345 என்ற இன்னொரு சிவகளைத் தேதியைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டபோது அந்த அறிக்கையின் மாதிரிகள் ஒரே ஆய்வகத்துக்குப் போகவில்லை. ஃபுளோரிடாவின் பீட்டா ஆய்வகம், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாதின் இயற்பியல் ஆய்வகம் என்று பிரித்து அனுப்பினார்கள், கரியோடு பானை ஓட்டுக்கு ஒளிவழித் தேதியும் (ஓடு கடைசியாகச் சூடான காலத்தைக் காட்டும் முறை) பார்த்தார்கள். உங்களுக்கும் ஓடு இருக்கிறது. ஒளிவழி முறைக்கு இந்தச் சமதளத் தொல்லை கிடையாது, ஆனால் பிழை 5–10%, அதாவது 2,500 ஆண்டில் 125 முதல் 250 வரை. எடுப்பதானால் குழியைக் கருப்புத் துணியால் மூடி, சிவப்பு விளக்கில் எடுத்து, ஒளி புகாத பையில் கட்டுங்கள். சுற்றி 30 செ.மீ.க்குள் இருக்கும் மண்ணில் அரைக் கிலோவைத் தனிப் பையில் ஈரம் போகாமல் சேர்த்து அனுப்புங்கள். கதிர்வீச்சு அளவைக் கணக்கிட அது இல்லாமல் முடியாது.

நிதி குறைவு என்றால் டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான ஆக்சிலரேட்டர் மையத்துக்கு உங்கள் துறை வழியாக விண்ணப்பம் எழுதுங்கள். வரிசை நீளம், ஆய்வேட்டுக் கெடுவைப் பார்த்து முன்கூட்டியே போடுங்கள். விண்ணப்பத்தோடு குழிச் சுவர் வரைபடத்தில் நாலு மாதிரியின் இடத்தையும் புள்ளி வைத்துக் காட்டி இணையுங்கள்.