சிங்கப்பூரில் பள்ளிப் பருவத்தில் கார் பராமரித்துச் சம்பாதித்தவர்களின் அனுபவங்கள்

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்:

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கொவிட்-19 காரணமாக மக்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்த நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்த எட்டு வாரங்களில், எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பல கார்கள் இடம்விட்டு அசையவே இல்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு உரிமையாளர்கள் வந்து சாவியைத் திருப்பியபோது, ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டரி இறங்கிய கார்களாகவே இருந்தன. அப்போது எனக்கு 16 வயது. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவந்த என் தாய்மாமா, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தம் காரிலேயே எனக்குப் பயிற்சி தந்த பிறகுதான் மற்றவர்களின் காரைத் தொட அனுமதித்தார்.

முதலில் அழைத்தவர் எங்கள் மாடியில் குடியிருந்த மலாய்ப் பெரியவர். நான் அவரைப் பக்சிக் என்றே அழைப்பேன். அவருடைய பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தபோது 11.8 வோல்ட் காட்டியது. முழுமையாக மின்னேற்றிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். மாமா தம் காரை அருகில் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்புக் கம்பியை முதலில் இறங்கிய பேட்டரியின் நேர்முனையிலும் பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டினேன். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுநுனியை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜினில் வண்ணம் பூசாத ஓர் உலோகப் பகுதியில் கவ்வினேன். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கக்கூடும் என்பதாலும், பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் என்பதாலும், இந்த வரிசையை மாமா என்னைப் பத்து முறையாவது ஒப்பிக்க வைத்திருந்தார். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மறுபடி அளந்தேன். 14 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் குறையில்லை, ஓட்டாமல் நின்றதால்தான் பேட்டரி இறங்கியிருக்கிறது என்று விளக்கினேன். பக்சிக் 10 வெள்ளி தந்தார். புதுப் பேட்டரி வாங்கச் சொல்லாமல் அளந்து காட்டியதற்காகவே அதைத் தருவதாகவும் சொன்னார்.

அதன் பிறகு வேலைகள் தாமாக வந்தன. வைப்பர் மாற்றுவது, டயரில் காற்றழுத்தம் பார்ப்பது, எண் பலகையின் சிறு விளக்கை மாற்றுவது, பேட்டரி முனைகளில் படியும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்புக் கரைசலால் துடைப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். பொருளை உரிமையாளரே வாங்கித் தருவார். என் கூலி 8 முதல் 15 வெள்ளி வரை. ஓட்டுநர் உரிமம் பெற 18 வயது ஆக வேண்டும் என்பதால், காரை ஓரடி நகர்த்த வேண்டியிருந்தாலும் உரிமையாளரையே அழைப்பேன். இதில் நான் ஒருமுறைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் மழையில் நடந்ததை இளையோர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு காரின் பழைய வைப்பரைக் கழற்றிவிட்டு, வைப்பரைத் தாங்கும் உலோகக் கையை உயர்த்தியபடியே நிறுத்தி வைத்துப் புதியதை உறையிலிருந்து எடுக்கத் திரும்பினேன். அந்தக் கையில் வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. என் முழங்கை பட்டதும் அது கண்ணாடியில் அறைந்து விழுந்தது. ஒரு சாண் நீளத்திற்கு விரிசல் ஓடியது. நான் உடனே மேலே சென்று, உரிமையாளரான அக்காவிடம் நடந்ததை நடந்தபடியே கூறினேன். காப்புறுதியின்கீழ் கண்ணாடியை மாற்ற அவர் ஏற்க வேண்டியிருந்த 100 வெள்ளியை நான்தான் தருவேன் என்றும் சொல்லி, ஐந்து வாரங்களில் கொடுத்து முடித்தேன். அன்றுமுதல் வைப்பரைக் கழற்றும் முன் கண்ணாடியின்மேல் மடித்த தடித்த துண்டு ஒன்றை விரித்துவிடுவேன். அந்த அக்கா மறுபடியும் என்னையே அழைத்தார் என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

பள்ளி விடுமுறைகள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலைகளில்தான் டயர் வேலை குவிந்தது. தொடக்கத்தில் மலேசிய எல்லை மூடியிருந்தது. 2022 ஏப்ரலில் தரைவழிப் பயணம் திறந்த பிறகு, பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் கிளம்புகிறவர்கள் வரிசையாக அழைத்தார்கள். பெட்ரோல் கலனில் முக்கால் பங்கு இல்லாவிட்டால் எல்லையைக் கடக்க முடியாது என்பது அனைவருக்கும் நினைவிருக்கும். டயர் நினைவில் இராது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டவணையில் ஆள்களும் சுமையும் நிறைந்த காருக்குத் தனி அழுத்தம் குறித்திருக்கும். டயர் சூடாகும் முன் அதை அளந்து சரிசெய்வேன். ஒரு மாலை, தனியார் வாடகைக் கார் ஓட்டும் ஓர் அண்ணனின் பின்டயரில், பக்கச் சுவரில் கோழிமுட்டை அளவுக்குப் புடைப்பு இருந்ததைக் கண்டேன். உள்ளிருக்கும் நாரிழைகள் அறுந்தால்தான் அப்படிப் புடைக்கும். அதற்கு ஒட்டுப்போட வழியில்லை. இரவே குடும்பத்தோடு மலாக்கா செல்லவிருந்தவர், முதலில் என்மீது எரிச்சல்பட்டாலும், டயர் கடைக்குச் சென்று மாற்றிக்கொண்ட பிறகே கிளம்பினார். திரும்பி வந்தவர் பிரேக் பட்டையையும் நீயே மாற்றிக்கொடு, 60 வெள்ளி தருகிறேன் என்றார். எனக்கு அது ஒரு மாத வருமானம். பிரேக்கில் நான் தவறினால் அதைத் துண்டை விரித்துத் தடுக்க முடியாது என்பதால் மறுத்துவிட்டு, மாமாவின் பட்டறைக்கு வழி சொன்னேன்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒருவர்:

நான் பெண். 2019 செப்டம்பரில் புகைமூட்டம் சூழ்ந்தபோது, உயர்நிலை 3இல் படித்துக்கொண்டிருந்தேன். காருக்குள்ளும் புகை வாசம் வீசுகிறது என்று அம்மாவின் தோழிகள் சொல்லக் கேட்டு, குளிர்சாதனத்தின் காற்று வடிகட்டியை மாற்றித் தரத் தொடங்கினேன். பெரும்பாலான கார்களில் அது முன்னிருக்கைக் கைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியை இருபுறமும் அழுத்தி இறக்கினால் கைக்கு எட்டிவிடும். வடிகட்டியின் விளிம்பில் உள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையை நோக்கி இருக்க வேண்டும். பழையதை வெளியே இழுக்கும்போது உதிர்ந்த இலைகளும் கறுத்த தூசும் வரும். அதை உரிமையாளரிடம் காட்டிவிட்டே குப்பையில் போடுவேன்.

வேலையைவிடக் கடினமாக இருந்தது கூலியைப் பெறுவது. ‘நீயாம்மா செய்யப் போகிறாய், தம்பி வரவில்லையா?’ என்று கேட்டவர்கள் பலர். என் தம்பி வெறுமனே விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற நாளில், ஒருவர் பணத்தை அவன் கையில் கொடுத்தார். இன்னொருவர் பேசியது 12 வெள்ளி, தந்தது 7. அதன் பிறகு வேலையைத் தொடங்கும் முன்பே கூலியைக் குறுஞ்செய்தியில் எழுதி, அவர்களின் சம்மதம் வந்த பின்னரே கைப்பெட்டியைத் திறந்தேன். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பேரம் பேசுவது பெரியவர்களுக்குச் சிறு விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அந்த 5 வெள்ளி இரண்டு நாள் பள்ளி உணவு.

ஈசூனிலிருந்து ஒருவர்:

கார் உரிமையாளராக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் புளோக்கில் 17 வயதுத் தம்பி ஒருவர், கார் நிறுத்துமிடத்திலேயே இன்ஜின் எண்ணெய் மாற்றித் தருவதாகக் கூறினார். பழைய எண்ணெயை எங்கே கொட்டுவாய் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நம் புளோக்கின் கீழ் ஓடும் மழைநீர்க் கால்வாய் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அந்த நீரையே நாம் குடிக்கிறோம். இதை எடுத்துச் சொன்னதும் அவர் அந்த எண்ணத்தை விட்டுவிட்டார். ஆகவே எண்ணெய் மாற்றப் பட்டறைக்குச் செல்கிறேன். டயரின் தேய்மானத்தை மாதந்தோறும் அந்தத் தம்பிதான் அளக்கிறார். டயரின் பள்ளங்களுக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஆழமான 1.6 மில்லிமீட்டரை நெருங்கும் முன்பே எனக்குச் செய்தி அனுப்பிவிடுகிறார். சென்ற மாதம் முன்பக்க இடது டயர் 2.4 காட்டியது, வலது டயர் 3.1. சக்கரங்களின் சீரமைப்பைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை அதற்காகப் பட்டறையில் நேரம் வாங்கியிருக்கிறேன்.