மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காக்ளியர் இம்ப்ளான்ட்: இங்கே ஏன் இவ்வளவு அவசரம்?

ஆடியாலஜிஸ்ட்:
பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குச் சில மாதம் ஹியரிங் எய்டு போட்டுப் பார்ப்போம். அது போதாவிட்டால்தான் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி. பாக்டீரியா மூளைக்காய்ச்சலில், அதிலும் நிமோகாக்கஸ் கிருமியால், கேட்கும் திறன் போனால் அப்படிக் காத்திருக்கக் கூடாது. காக்ளியா என்ற, உள்காதின் கேட்கும் உறுப்புக்குள் இறங்கிய அழற்சி சில வாரங்களிலேயே தழும்பாகி, பிறகு எலும்பாக இறுகலாம். சத்தத்துக்குக் கேட்கும் நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் சிக்னலை அளக்கும் பெரா (BERA) டெஸ்டை டிஸ்சார்ஜுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். தள்ளிப்போனாலும் 4 வாரத்தைத் தாண்ட வேண்டாம். 'கூப்பிட்டால் திரும்புகிறானே' என்பதை நம்பாதீர்கள், நிழலாடினாலும் தரை அதிர்ந்தாலும் குழந்தை திரும்பும். நன்றாக நடந்த பிள்ளை தள்ளாடினால் காய்ச்சல் அசதி என்று விட்டுவிடுகிறார்கள். உள்காதின் சமநிலை உறுப்பும் சேர்ந்து அடிபட்டதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

இ.என்.டி சர்ஜன்:
சி.டி ஸ்கேன் மட்டும் பார்த்து நார்மல் என்று உட்கார்ந்துவிடுவதுதான் பெரிய தப்பு. சி.டியில் எலும்புதான் தெரியும். அதற்கு முந்தைய தழும்பு தெரியாது. நீரை வெள்ளையாகக் காட்டும் எம்.ஆர்.ஐ டி2 படத்தில் நல்ல காக்ளியா, உள்ளே நீர் இருப்பதால், இரண்டரைச் சுற்று நத்தை போல வெள்ளையாக இருக்கும். அடைப்பு தொடங்கினால் பெரும்பாலும் கீழ்ச்சுற்றில், வட்டச் சாளரம் என்ற சவ்வு மூடிய சிறு திறப்பை ஒட்டித்தான் முதலில் மங்கும். நரம்பைத் தூண்டும் இம்ப்ளான்ட் கம்பியான எலக்ட்ரோடு நுழையும் வாசலே அதுதான்! சில மில்லிமீட்டர் அடைப்பென்றால் துளைத்துத் தாண்டலாம். அதற்கு மேல் அடைத்திருந்தால் காக்ளியாவின் மேல் அறை வழியாகவோ, இரண்டாகப் பிரிந்த எலக்ட்ரோடு கொண்டோ முயல வேண்டும், பலன் குறையும். இரண்டு காதும் போயிருந்தால் ஒரே சமயத்தில் இரண்டுக்கும் வைப்பது நல்லது. இன்னொன்றைப் பிறகு பார்க்கலாம் என்றால் அதற்குள் அது அடைத்துவிடக்கூடும்.

ஒருமுறை நோய் வந்துவிட்டதே என்று நிமோகாக்கஸ் தடுப்பூசியை விடாதீர்கள். அந்தக் கிருமியில் 90க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பு போட்டால் நல்லது.

மேப்பிங் செய்பவர்:
மேப்பிங் என்றால் ஒவ்வொரு எலக்ட்ரோடு புள்ளிக்கும் எவ்வளவு கரன்ட் என்று அளவு வைப்பது. அடைப்பு இருந்த காதுக்குப் பெரும்பாலும் அதிகக் கரன்ட் தேவைப்படும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். அந்தக் கரன்ட் பக்கத்திலுள்ள முக நரம்புக்குக் கசிந்தால், சத்தம் கேட்கும்போதெல்லாம் அதே பக்கத்து இமையோ உதட்டோரமோ துடிக்கும். அதை செல்போனில் வீடியோ எடுத்து வாருங்கள். எந்த எலக்ட்ரோடு புள்ளி என்று கண்டுபிடித்து, அளவைக் குறைப்போம். அடங்காவிட்டால் அதை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றை வைத்து மேப் போடுவோம். இதற்காக காதுக்கு வெளியே மாட்டும் பிராசஸரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட வேண்டாம்.